நிலம் வாங்கும்போது யாருடைய சொல்லை நம்புவது?



கடந்த ஆண்டு ஒரு சனிக்கிழமை மாலை, உபவாச ஜெபம் முடிந்து எல்லாரும் புறப்பட்டுக்கொண்டிருந்த வேளையில், வாலிபச் சகோதரர் ஒருவர் என்னருகே வந்து வழவழப்பான வண்ணத்தாள் ஒன்றை நீட்டினார். கல்யாணுக்கு அப்பால் எழும்பிவரும் ஏழு மாடிக் கட்டடத்தின் படம் அதில் இருந்தது. அவர் ஒரு கிடங்கில் கணக்கெழுதுகிறவர். திருமணமான நாள்முதல் வாடகை வீடு. பதினொரு மாத ஒப்பந்தம் முடியும்போதெல்லாம் பாத்திரம் பண்டங்களை மூட்டைகட்டி, பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்கு எது பக்கம் என்று தேடி அலைகிற வாழ்க்கை. "பாஸ்டர், இந்த ஃப்ளாட்டை வாங்கலாமா? ஜெபித்துச் சொல்லுங்கள். நீங்கள் சரி என்றால் திங்கட்கிழமையே முன்பணம் கட்டிவிடுகிறேன்" என்றார்.

ஜெபிக்கிறேன் என்றேன். ஆனால் வாங்குங்கள் என்றோ, வேண்டாம் என்றோ சொல்ல மறுத்துவிட்டேன். அவர் முகம் வாடிற்று. சபையின் மேய்ப்பன் இந்தச் சிறு உதவியையும் செய்யக்கூடாதா என்று அவர் எண்ணியிருக்கலாம். நான் மறுத்ததற்கு ஒரு காரணம் உண்டு. அதைச் சொல்ல எனக்கு வெட்கமாயிருக்கிறது. ஆயினும் உங்களுக்குப் பயன்படும் என்பதால் எழுதுகிறேன்.

நான் அருகில் நின்ற அந்த ஐந்து நிமிடம்

2007-ஆம் ஆண்டு. வேறொரு சபையைச் சேர்ந்த சகோதரர் ஒருவர் எங்கள் ஆராதனைக்கு வரத் தொடங்கினார். நன்றாகப் பாடுவார், காணிக்கையில் தாராளம், நம் ஊர்த் தமிழ். சில வாரங்களுக்குப் பின், கர்ஜத் பக்கத்தில் பண்ணை மனைகள் விற்பதாகவும், நம் ஜனங்களுக்கு மட்டும் குறைந்த விலையில் தருவதாகவும் சொல்லி, ஆராதனையின் முடிவில் ஐந்து நிமிடம் பேச அனுமதி கேட்டார். நான் அனுமதித்தேன். மனையை வாங்குங்கள் என்று நான் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. "நம்முடைய சகோதரர் சில வார்த்தைகள் பேசுவார்" என்று மாத்திரம் சொல்லி, ஒலிவாங்கியை அவர் கையில் கொடுத்துவிட்டு அருகில் நின்றேன்.

பதினொரு குடும்பங்கள் பணம் கட்டின. ஒவ்வொருவருக்கும் முத்திரைத்தாளில் ஓர் ஒப்பந்தம், நோட்டரியின் சிவப்பு முத்திரையோடு கிடைத்தது. இரண்டு ஆண்டுகள் கழித்து ஒருவர் தம் மனைக்கு வேலி போடச் சென்றார். அங்கே ஒரு விவசாயி நெல் நடவு செய்துகொண்டிருந்தார். நிலம் அவருடைய பெயரிலும் அவருடைய சகோதரர்களின் பெயரிலும் இருந்தது. அவர் தரகரிடம் ஒரு சிறு முன்பணம் பெற்றதும், மீதிப் பணம் வராததால் பேச்சு அத்தோடு நின்றுபோனதும் அப்போதுதான் தெரியவந்தது. நம் சகோதரரின் தொலைபேசி அணைந்திருந்தது.

வழக்கறிஞரிடம் சென்றபோது இன்னொரு செய்தியும் தெரிந்தது. மகாராஷ்டிராவின் 1948-ஆம் ஆண்டுக் குத்தகை மற்றும் விவசாய நிலச் சட்டத்தின்படி, விவசாயி அல்லாதவர் அனுமதியின்றி விவசாய நிலத்தை வாங்க இயலாது. ஆகவே அந்த விவசாயி விற்கச் சம்மதித்திருந்தாலும், எங்கள் ஜனங்கள் அந்த நிலத்தைச் சட்டப்படி வாங்கியிருக்க முடியாது. பதினொரு குடும்பங்களில் ஒருவரும் இதை முன்னே கேட்டறியவில்லை. நானும் கேட்கவில்லை.

பணம் கட்டியவர்களில் ஒரு தாயார் இருந்தார். அவருடைய கணவர் பரேலில் ஒரு பஞ்சாலையில் வேலை செய்தவர். ஆலை மூடியபின் கிடைத்த தொகையை வங்கியில் வைத்துவிட்டு மரித்துப்போனார். அந்தத் தொகையில் பெரும்பகுதி இந்த மனைக்குப் போயிற்று. அவரோடு நான் காவல் நிலையத்துக்குச் சென்றேன். திரும்பி வரும் வழியில், "அம்மா, அவர் பேசியதில் எதைக் கேட்டு நம்பினீர்கள்?" என்று கேட்டேன். அவர் சொன்னார்: "அவர் பேசினது எனக்கு ஒன்றும் விளங்கவில்லை பாஸ்டர். நீங்கள் பக்கத்தில் நின்றீர்கள். அதைத்தான் பார்த்தேன்."

பிரியமானவர்களே, அந்த வார்த்தையை நான் மறக்கவில்லை. ஒருவரும் என்னைக் குற்றப்படுத்தவில்லை. ஆனால் நிலத்தைப்பற்றி ஒன்றும் அறியாத ஒருவனுடைய முகம், நிலத்தைப்பற்றிய சாட்சியாக மாறிவிட்டது. அதுமுதல், ஆலோசனை சொல்பவர் நல்லவரா என்று கேட்பதோடு நான் நின்றுவிடுவதில்லை.

நாம் ஏன் எளிதில் ஏமாறுகிறோம்?

சொந்த ஊரில் நமக்கு ஒரு பாதுகாப்பு இருந்தது. இன்ன வயல் இன்னாருடையது, இன்ன கிணற்றுக்கு இத்தனை பங்காளிகள், இன்ன தோப்பின்மேல் வழக்கு நடக்கிறது என்பதெல்லாம் ஊரறிந்த சங்கதி. பத்திரத்தைப் படிக்கத் தெரியாத பாட்டிக்கும் நிலத்தின் கதை தெரியும். மும்பைக்கோ, பெங்களூருக்கோ, டெல்லிக்கோ வந்த நமக்கு அந்த அறிவு இல்லை. பத்திரம் வேறு மொழியில் இருக்கிறது. இங்கே நிலத்தின் அடிப்படைப் பதிவேடாகிய "சாத் பாரா" என்னும் ஏழு-பன்னிரண்டு மராத்தியில் இருக்கிறது. அலுவலகத்துக்குப் போக ஒரு நாள் சம்பளத்தை இழக்க வேண்டும். இந்த நிலையில் நம் மொழியில் ஒருவர் பேசினால், "இவர் நம்மவர்" என்று உள்ளம் இளைப்பாறுகிறது. ஏமாற்றுகிறவனுக்கு இது நன்றாகத் தெரியும்.

இது நம் சபைகளுக்கு மாத்திரம் நேர்ந்ததன்று. விவசாய நிலம் தருவதாகச் சொல்லித் தவணை முறையில் பணம் திரட்டிய பி.ஏ.சி.எல். நிறுவனத்தை நினைத்துப் பாருங்கள். பங்குச்சந்தை ஒழுங்குமுறை ஆணையமாகிய செபி, 2014 ஆகஸ்டில் அதற்கு எதிராக ஆணை பிறப்பித்தபோது, ஏறக்குறைய 49,100 கோடி ரூபாய் ஐந்தரைக் கோடிக்கும் மேற்பட்டவர்களிடமிருந்து திரட்டப்பட்டிருந்தது. அந்தப் பணத்தை வாங்கித் தந்த முகவர்கள் பலர், பணம் கட்டியவர்களுக்கு அயலகத்தாரும் உறவினருமாக இருந்தார்கள். அவர்களில் அநேகர் தாங்களும் அதை நம்பியவர்களே. பணத்தைத் திருப்பிக்கொடுக்கும் பொறுப்பை, உச்ச நீதிமன்றத்தின் ஆணைப்படி 2016-இல் நீதியரசர் லோதா தலைமையில் அமைந்த குழு ஏற்க வேண்டியதாயிற்று.

இதிலிருந்து ஒன்றைக் கற்றுக்கொள்ளுங்கள்: பொய் சொல்லாதவரும் உங்களைத் தவறான இடத்துக்கு நடத்தக்கூடும். ஆகவே, ஆலோசனை சொல்பவர் யாராயிருந்தாலும் அவரிடம் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். இவை ஒருவரையும் அவமதிக்கிற கேள்விகள் அல்ல.

முதலாம் கேள்வி: இவர் எதை அறிந்தவர்?

ஒருவருடைய பக்தி ஒன்று. அவருடைய அறிவு வேறொன்று. காய்ச்சல் கண்ட பிள்ளையை, ஒருவர் நன்றாய் ஜெபிக்கிறார் என்பதற்காக அவரிடம் ஊசி போடக் கொண்டுபோவீர்களா? நிலத்திலும் அப்படியே. ஒவ்வொருவரிடமும் அவர் அறிந்த காரியத்தை மாத்திரம் கேட்க வேண்டும்.

நீங்கள் வாங்க நினைக்கும் பகுதியில் ஏற்கெனவே குடியிருக்கும் குடும்பத்தாரிடம் கேளுங்கள். தண்ணீர் எத்தனை மணி நேரம் வருகிறது, மழைக்காலத்தில் தெருவில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது, காலை ஏழரை மணி இரயிலில் ஏற முடிகிறதா என்பவற்றில் அவர்களைவிட நல்ல ஆலோசகர் இல்லை. ஆனால் கட்டடத்தின் உரிமை தெளிவானதா என்று அவர்களிடம் கேட்காதீர்கள். உரிமையைப்பற்றி வழக்கறிஞரிடம் கேளுங்கள். ஆனால் விலை ஏறுமா என்று அவரிடம் கேட்காதீர்கள். சுவர் உறுதியா என்பதைக் கட்டடப் பொறியாளர் சொல்லட்டும். அந்தப் பகுதியில் உண்மையாகவே என்ன விலைக்கு வீடுகள் கைமாறுகின்றன என்பதை, பதிவுத்துறையின் "இண்டெக்ஸ் டூ" என்னும் பதிவுச் சுருக்கத்தில் பார்க்கலாம். அரசு ஆண்டுதோறும் வெளியிடும் வழிகாட்டி மதிப்பு முத்திரைத் தீர்வைக்கு அடிப்படையேயன்றிச் சந்தை விலையன்று.

உங்கள் மேய்ப்பரிடம் என்ன கேட்கலாம்? கடன் சுமையை உங்கள் குடும்பம் தாங்குமா, கணவனும் மனைவியும் இதில் ஒருமனப்பட்டிருக்கிறீர்களா, இந்த விருப்பம் தேவையினால் வந்ததா, மற்றவர்களைப் பார்த்து வந்ததா என்று அவரோடு உட்கார்ந்து பேசுங்கள். அது அவருடைய வேலை. ஃப்ளாட்டின் உரிமையைச் சொல்வது அவருடைய வேலையன்று.

இரண்டாம் கேள்வி: இவருடைய வருமானம் எங்கிருந்து வருகிறது?

இதைக் கேட்க நாம் கூச்சப்படுகிறோம். கூச்சப்படாதீர்கள். "நான் இதை வாங்கினால் உங்களுக்கு எவ்வளவு கிடைக்கும்?" என்று தாழ்மையாக, நேராகக் கேளுங்கள். தரகர் தம் உழைப்புக்குத் தரகு பெறுவது பாவமன்று. ஐம்பது இலட்ச ரூபாய் வீட்டுக்கு இரண்டு சதவீதம் தரகு என்றால் ஓர் இலட்ச ரூபாய். நீங்கள் வாங்கினால் அது உண்டு, வாங்காவிட்டால் இல்லை. அப்படியானால் "வாங்காதீர்கள்" என்று அவர் ஒருமுறை சொல்வதற்கு அவருக்கு ஓர் இலட்ச ரூபாய் நட்டம். அப்படிப்பட்டவரின் சொல்லைத் தள்ளிவிடவேண்டாம். அதை எடைபோட்டுப் பாருங்கள். தமக்கு எவ்வளவு கிடைக்கும் என்பதை மறைக்காமல் சொல்லும் தரகர் ஓரளவு நம்பத்தக்கவர். "உங்களுக்காக இலவசமாய்ச் செய்கிறேன்" என்கிறவரிடம் அதிக எச்சரிக்கை வேண்டும். கட்டடம் கட்டுபவர் அவருக்குக் கொடுக்கும் தொகை உங்கள் விலையிலே சேர்ந்திருக்கும்.

ஏற்கெனவே வாங்கிய நண்பருக்கும் பங்கிருக்கலாம். ஒருவரை அழைத்து வந்தால் இத்தனை ஆயிரம் என்று பரிசு கொடுக்கும் வழக்கம் உண்டு. பரிசு இல்லாவிட்டாலும், தாம் செய்தது சரி என்று தமக்குத்தாமே உறுதிப்படுத்திக்கொள்ள நமக்கும் அதையே சொல்லுகிறவர்கள் உண்டு.

"வங்கியே கடன் கொடுக்கிறது, பின்னே என்ன பயம்?" என்று பலர் கேட்கிறார்கள். வங்கியின் வழக்கறிஞர் வங்கிக்காக வேலை செய்கிறவர். கட்டடம் இடிந்துபோனாலும் கடனைக் கட்டவேண்டியவர் நீங்கள். கொச்சிக்கு அருகே மரடில் நான்கு அடுக்குமாடிக் குடியிருப்புகள், கடற்கரை ஒழுங்குமுறை விதிகளை மீறிக் கட்டப்பட்டவை என்பதால், உச்ச நீதிமன்றத்தின் ஆணைப்படி 2020 ஜனவரி 11, 12 தேதிகளில் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டதை நினைவுகூருங்கள். அவற்றுக்கு உள்ளாட்சி அமைப்பு அனுமதி கொடுத்திருந்தது. அங்கே குடியிருந்தவர்கள் வரி கட்டியிருந்தார்கள். ஒன்றும் அவர்களுடைய வீட்டைக் காக்கவில்லை.

அப்படியானால் யாருடைய வருமானம் உங்கள் முடிவோடு கட்டப்படாதது? நீங்களே தெரிந்தெடுத்து, நீங்களே கட்டணம் கொடுக்கும் வழக்கறிஞருடையது. வாங்குங்கள் என்றாலும் வேண்டாம் என்றாலும் அவருக்கு அதே கட்டணம். ஆகவே, கட்டடம் கட்டுபவர் "எங்கள் வக்கீலே எல்லாம் பார்த்துக்கொள்வார்" என்று சொன்னால் நன்றி சொல்லிவிட்டு, வேறொருவரிடம் செல்லுங்கள். குறைந்தது முப்பது ஆண்டுகளுக்கான பதிவுகளைத் தேடிப் பார்த்து, எழுத்தில் கருத்துத் தரச் சொல்லுங்கள். சில ஆயிரம் ரூபாய் செலவாகும். இலட்சங்களைக் கடன் வாங்கத் துணிகிற நாம் இந்த ஆயிரங்களில் சிக்கனம் பார்ப்பது எவ்வளவு பேதைமை!

மூன்றாம் கேள்வி: இவர் என்னைப் பொறுத்திருக்க விடுகிறாரா?

"இன்று மாலைக்குள் முன்பணம் கட்டினால்தான் இந்த விலை." "இன்னும் இரண்டே வீடுகள்தான் மீதி." "அடுத்த மாதம் மெட்ரோ அறிவிப்பு வருகிறது, விலை இரண்டு மடங்காகும்." இவற்றை நீங்கள் கேட்டிருப்பீர்கள். உண்மையான ஆலோசனை ஒரு மாதம் கழித்தும் உண்மையாகவே இருக்கும். சரிபார்ப்பதற்கு நேரம் தராதவர், சரிபார்க்கப்படுவதை விரும்பாதவராயிருக்கக் கூடும்.

சட்டமும் இந்தப் பொறுமைக்கு இடம் வைத்திருக்கிறது. 2016-ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு 2017 மே 1 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்த மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டம், நாம் ரேரா என்று சொல்லுகிற சட்டம், விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் விலையில் பத்து சதவீதத்துக்கு மேல் முன்பணமாகப் பெறக்கூடாது என்று கட்டளையிடுகிறது. வாங்குபவர்களிடம் பெறும் பணத்தில் எழுபது சதவீதத்தைத் தனி வங்கிக் கணக்கில் வைத்து, அந்தத் திட்டத்தின் நிலத்துக்கும் கட்டுமானத்துக்கும் மட்டுமே செலவிட வேண்டும் என்றும் சொல்லுகிறது. ஆகவே, பதிவுக்கு முன்பே முப்பது, நாற்பது சதவீதம் கேட்கிறவர் உங்களைச் சட்டத்துக்குப் புறம்பாக அவசரப்படுத்துகிறார்.

"பாதிப் பணத்தை ரொக்கமாகக் கொடுத்தால் முத்திரைத் தீர்வை மிச்சம்" என்ற ஆலோசனையும் வரும். வருமான வரிச் சட்டம் 2015 ஜூன் முதல் வீடு, நிலப் பரிமாற்றத்தில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவதைத் தடைசெய்தது. சாட்சியுள்ள ஜீவியம் ஒருபுறமிருக்கட்டும். நாளை வழக்கு வந்தால், கணக்கில் வராத பணத்தை நீங்கள் கொடுத்ததாக எப்படி நிரூபிப்பீர்கள்? சட்டத்தை ஏமாற்ற உங்களுக்குக் கற்றுக்கொடுக்கிறவர், உங்களை ஏமாற்றமாட்டார் என்று எதைக்கொண்டு நம்புகிறீர்கள்?

நான்காம் கேள்வி: இவர் சொல்வதை நான் எங்கே சரிபார்ப்பது?

நான்கில் இதுவே பிரதானம். மற்ற மூன்று கேள்விகளில் ஒருவர் தேறினாலும், அவர் காட்டும் காகிதத்தை அவர் கையிலிருந்து வாங்கிப் படிப்பதோடு நின்றுவிடாதீர்கள். அதைக் கொடுத்த அலுவலகத்திலிருந்து நீங்களே கேட்டுப் பெறுங்கள்.

நம் ஜனங்கள் அநேகர் குடியிருக்கும் கல்யாண், டோம்பிவிலிப் பகுதியில் நடந்ததைக் கேளுங்கள். மாநகராட்சி கொடுத்ததுபோலப் போலியாகத் தயாரித்த கட்டட அனுமதிகளைக் காட்டி, அறுபத்தைந்து கட்டடங்களுக்கு மகாரேராவின் பதிவு எண்ணே பெறப்பட்டிருந்தது 2022-இல் வெளிச்சத்துக்கு வந்தது. 2024 நவம்பரில் மும்பை உயர் நீதிமன்றம் அந்தக் கட்டடங்களை இடிக்க ஆணையிட்டது. வீடு வாங்கிய குடும்பங்கள் பதிவு எண்ணைப் பார்த்துத்தான் வாங்கினார்கள். பலர் வங்கிக் கடனும் பெற்றிருந்தார்கள். அந்த அனுமதி மெய்தானா என்று மாநகராட்சியின் நகரமைப்புத் துறையிலே கேட்டிருந்தால் உண்மை தெரிந்திருக்கும். அதைக் கேட்கும்படி அவர்களுக்கு ஒருவரும் ஆலோசனை சொல்லவில்லை.

ஆகவே, ரேரா எண்ணைப் பாருங்கள். அதை முடிவாக அல்ல, தொடக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். ஐந்நூறு சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தில் எட்டு வீடுகளுக்கு மேல் கட்டும் புதிய திட்டம் பதிவு செய்யப்படாமல் விளம்பரம் செய்யப்படவே கூடாது. மகாராஷ்டிராவில் 2023 ஆகஸ்ட் முதல் விளம்பரத்தில் கியூ.ஆர். குறியீடும் இருக்க வேண்டும். கைப்பேசியில் அதைக் காட்டினால் திட்டத்தின் விவரங்கள் வரும். தரகரும் ரேராவில் பதிவு பெற்றிருக்க வேண்டும். மகாராஷ்டிராவில் அவர் அதற்குரிய தேர்வில் தேறிச் சான்றிதழ் பெற்றிருப்பதும் கட்டாயம். "உங்கள் பதிவு எண் என்ன?" என்று கேட்டவுடனே பேச்சை மாற்றுகிறவரோடு மேற்கொண்டு பேச வேண்டியதில்லை.

அதன்பின் கட்டுமானத் தொடக்கச் சான்றிதழ் எத்தனை மாடிகளுக்குக் கொடுக்கப்பட்டது என்று பாருங்கள். கட்டி முடிந்த வீடானால் குடியேற்றச் சான்றிதழ் உண்டா என்று கேளுங்கள். வீட்டை விற்பவர் பொது அதிகாரப் பத்திரத்தைக் காட்டி, "இதுவே போதும், பதிவு வேண்டாம்" என்றால் எழுந்துவிடுங்கள். அப்படிப்பட்ட பரிமாற்றத்தால் உரிமை மாறுவதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2011 அக்டோபரில் தெளிவாகத் தீர்ப்பளித்திருக்கிறது. எங்கள் பதினொரு குடும்பங்களின் கையிலிருந்த நோட்டரி முத்திரையும் இப்படிப்பட்டதே. கையெழுத்திட்டவர் இன்னார் என்பதற்கு அது அடையாளமாகலாம். நிலம் அவருடையது என்பதற்கு அது அடையாளமாகாது.

ஊரில் மனை வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை

நம்மில் பலர் இங்கே வாடகையில் இருந்துகொண்டு, திருநெல்வேலியிலோ தூத்துக்குடியிலோ சென்னைப் புறநகரிலோ ஒரு மனை வாங்கிப்போட விரும்புகிறோம். அண்ணன், மைத்துனர், சித்தப்பா மகன் ஆகியோரின் சொல்லை நம்பிப் பணம் அனுப்புகிறோம். உறவினர் நேர்மையானவராயிருந்தாலும், நான்கு கேள்விகளும் அவருக்கும் உண்டு.

மனைப்பிரிவுக்கு நகர் ஊரமைப்பு இயக்ககமாகிய டி.டி.சி.பி.யின் அங்கீகாரமோ, சென்னைப் பெருநகர்ப் பகுதியானால் சி.எம்.டி.ஏ.யின் அங்கீகாரமோ இருக்கிறதா என்று பாருங்கள். அங்கீகாரமற்ற மனைப்பிரிவிலுள்ள மனையை, அது ஏற்கெனவே வீட்டுமனையாகப் பதிவாகியிருந்தாலன்றி, பதிவு செய்யக்கூடாது என்ற விதி 2016 அக்டோபர் முதல் தமிழ்நாட்டில் நடைமுறையில் இருக்கிறது. வில்லங்கச் சான்றிதழையும் பட்டாவையும் மும்பையில் உட்கார்ந்தபடியே இணையத்தில் பார்க்கலாம். உங்கள் பிள்ளைகள் பார்த்துத் தருவார்கள். ஆனால் வில்லங்கச் சான்றிதழ், பதிவானவற்றை மாத்திரம் காட்டும். பதிவாகாத பாகப்பிரிவினையோ, நீதிமன்றத்தில் நிலுவையிலிருக்கும் வழக்கோ அதில் தெரியாமற்போகலாம். ஆகவே ஊரிலும் ஒரு வழக்கறிஞர் வேண்டும். நேரில் ஒருமுறை சென்று, அந்த இடம் ஏரியோ ஓடைப் புறம்போக்கோ அல்ல என்று பக்கத்துக் காட்டுக்காரரிடம் விசாரியுங்கள். விடுமுறைக்குப் போகும்போது ஒரு நாளை இதற்கென்று ஒதுக்குங்கள்.

எரேமியா செய்ததைப் பாருங்கள்

"இவ்வளவு சந்தேகப்பட்டால் விசுவாசம் எங்கே?" என்று யாராவது கேட்கலாம். வேதத்தில் நிலம் வாங்கிய ஒரு தீர்க்கதரிசியைப் பாருங்கள். எரேமியாவிடம் நிலத்தை விற்க வந்தவன் அந்நியன் அல்லன். அவனுடைய தகப்பனின் சகோதரன் குமாரனாகிய அனாமெயேல். அவன் வரப்போகிறான் என்று கர்த்தரே முன்னறிவித்திருந்தார். இதைவிட உறுதியான ஆலோசனை யாருக்குக் கிடைக்கும்? அப்படியிருந்தும் எரேமியா வாய்ச்சொல்லோடு நிறுத்திக்கொள்ளவில்லை. பத்திரம் எழுதினான், முத்திரை போட்டான், சாட்சிகளை வைத்தான், பதினேழு சேக்கல் வெள்ளியைத் தராசில் நிறுத்துக் கொடுத்தான். முத்திரைபோட்ட பிரதியையும் திறந்த பிரதியையும் மண்பாண்டத்தில் பத்திரப்படுத்தும்படி பாருக்கினிடத்தில் ஒப்புவித்தான்.

அவனுக்கு விசுவாசம் குறைவு என்று ஒருவரும் சொல்லமாட்டார்கள். உறவு உறவாகவும், பத்திரம் பத்திரமாகவும் இருந்தது. ஒன்றுக்குப் பதிலாக மற்றொன்றை அவன் வைத்துக்கொள்ளவில்லை.

மேய்ப்பர்களுக்கும் மூப்பர்களுக்கும்

உடன் ஊழியர்களே, உங்களிடம் ஒரு விண்ணப்பம். எங்கள் சபையில் 2009 முதல் ஓர் ஒழுங்கை வைத்திருக்கிறோம். மனை, வீடு, சீட்டு, காப்பீடு எதுவானாலும் ஆராதனை இடத்தில் விற்பனைப் பேச்சு இல்லை. அறிவிப்புத் தாளிலும் இடமில்லை. விசுவாசிகளுக்குள் வியாபாரம் செய்யக்கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. சபையின் நற்பெயரை ஒருவரும் தம் சரக்குக்கு முத்திரையாகப் பயன்படுத்தலாகாது என்றே சொல்லுகிறோம். தாய்மொழியைத் தவிர வேறொன்றும் படிக்கத் தெரியாத தாய்மார்களோடு அலுவலகத்துக்குத் துணையாகச் செல்ல, மராத்தி படிக்கத் தெரிந்த மூன்று வாலிபர்களை ஏற்படுத்தியிருக்கிறோம். வாங்கச் சொல்வதும் விலக்குவதும் அவர்கள் வேலையன்று. காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசித்துச் சொல்வதே அவர்கள் செய்யும் ஊழியம்.

முதலில் சொன்ன வாலிபச் சகோதரரிடம் திரும்பி வருவோம். அவருக்கு இந்த நான்கு கேள்விகளை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். திங்கட்கிழமை அவர் முன்பணம் கட்டவில்லை. தரகர் மூன்றுமுறை தொலைபேசியில் அழைத்து, வீடு கைநழுவிப் போகும் என்றார். அதற்குள் ஒரு வழக்கறிஞரைப் பிடித்து, அந்த வாலிபர்களில் ஒருவரையும் கூட்டிக்கொண்டு நகரமைப்பு அலுவலகத்துக்குச் சென்று விசாரித்தார். மூன்று வாரத்தில் விவரம் வந்தது. கட்டுமானத் தொடக்கச் சான்றிதழ் நான்கு மாடிகளுக்கு மாத்திரமே கொடுக்கப்பட்டிருந்தது. அவருக்குக் காட்டப்பட்ட வீடு ஆறாம் மாடியில் இருந்தது.

வழக்கறிஞருக்குக் கொடுத்த கட்டணம்தான் அவருடைய செலவு. அவர் இன்னும் வாடகை வீட்டில்தான் இருக்கிறார். சென்ற மாதமும் மூட்டைகட்டி வேறு வீடு மாறினார்; சாமான் ஏற்ற நானும் போயிருந்தேன். "பாஸ்டர், இன்னொரு இடம் பார்த்திருக்கிறேன்" என்றார். "வாங்கலாமா?" என்று இம்முறை என்னிடம் கேட்கவில்லை. "வக்கீலிடம் காகிதம் கொடுத்திருக்கிறேன், ஜெபித்துக்கொள்ளுங்கள்" என்றார்.

ஜெபித்துக்கொண்டிருக்கிறேன். அந்தப் பஞ்சாலைக்காரரின் மனைவிக்காகவும் ஜெபிக்கிறேன். அவர் இன்றைக்கும் ஞாயிறுதோறும் இரண்டாம் வரிசையில் உட்காருகிறார். நீங்களும் உங்கள் குடும்பத்தின் பல ஆண்டு உழைப்பை ஒருவர் கையில் கொடுக்குமுன், இந்த நான்கு கேள்விகளையும் கேட்டுவிடுங்கள். ஆலோசனையில் குறைவுபடாதபடி கர்த்தர் உங்களை நடத்துவாராக.